முல்லேவா: மழைக்குக் காத்திருக்கும் ஊரில் மூன்று நாள்

முல்லேவாவுக்கு நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் தடவையைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் கணவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. செப்டம்பர் கடைசி வாரம், பள்ளி விடுமுறை. பெர்த்திலிருந்து விடியும் முன்னே கிளம்பி ஆறு மணி நேரம் ஓட்டிப் போய் நாங்கள் பார்த்தது காய்ந்த புல்லையும் செம்மண்ணையும்தான். பெட்ரோல் போட்ட இடத்தில் கல்லாவில் இருந்த பெண்மணி எங்கள் செருப்பில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "பூ பாக்க வந்தீங்களா? மூணு வாரம் முந்தி வந்திருக்கணும். அதுவும் இந்த வருஷம் மழை சரியில்ல. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாமே" என்றார். திட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இணையத்தில் பார்த்த படத்தை நம்பி, லீவு கிடைத்த நாளில் கிளம்பினால் அப்படித்தான் ஆகும். இரண்டாவது தடவை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது போனோம். அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டதை எழுதினால் யாருக்காவது ஆறு மணி நேரமும் ஒரு டேங்க் பெட்ரோலும் மிஞ்சும்.

முல்லேவா மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஜெரால்ட்டன் என்ற துறைமுக ஊருக்குக் கிழக்கே 100 கிலோமீட்டர். 1894-ல் அங்கிருந்து ரயில் பாதை வந்ததும் வளர்ந்த ஊர். இன்றைக்கு அங்கே இருப்பது சில நூறு பேர். யமாஜி பழங்குடி மக்களின் பூமி அது. பலகையில் பெயரைப் பார்த்ததும் அம்மா எழுத்துக்கூட்டி, "முல்லை வா... என்னட்டி, பேரே பூவால்ல இருக்கு?" என்றார். அங்கே உள்ளவர்கள் 'முல்லுவா' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள் என்று திருத்தப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. மூன்று நாளும் 'முல்லை வா'தான்.

ஊரைச் சுற்றி மேற்கேயும் தெற்கேயும் கோதுமை, கேனோலா, லூபின் பயறு. கிழக்கே போகப் போகக் கோதுமை குறைந்து, பிண்டார் என்ற ஆளில்லாத பழைய ரயில் ஊரைத் தாண்டினால் முள்காடும் செம்மண்ணும் ஆட்டுப் பண்ணைகளும். அதற்கு அப்பால் உள்நாட்டு வறள்நிலம். வெள்ளாமை முடிந்து பாலை தொடங்கும் விளிம்பில் நிற்கிறது ஊர். வருடம் முழுக்கப் பெய்கிற மழை சுமார் 330 மில்லிமீட்டர். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசலில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கே இது குறைச்சலாகப் பட்டது. "இதை வச்சு எப்படி வெள்ளாமை எடுக்காக?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் இரண்டாம் நாள் கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் பூவின் கணக்கு. அந்தப் பக்கத்தில் தரையை மூடிக்கொண்டு பூப்பவை பெரும்பாலும் ஒரு பருவத்துச் செடிகள். விதை மண்ணில் கிடக்கும். ஏப்ரல், மே, ஜூனில் முதல் மழை நன்றாக விழுந்தால் முளைக்கும். அந்த ஒரு மழை போதாது, பின்னாலேயே விட்டு விட்டுப் பெய்யவும் வேண்டும். அப்படிப் பெய்தால் ஜூலை கடைசியில் வடக்கே பூக்கத் தொடங்கி, வாரம் வாரமாகத் தெற்கே நகரும். முல்லேவா பக்கம் ஆகஸ்டு முழுவதும் நன்றாக இருக்கும், செப்டம்பர் நடுவரை இழுத்துப் பிடிக்கலாம். இடையில் நான்கு நாள் கிழக்கே பாலையிலிருந்து சூட்டுக் காற்று அடித்தால் கதை முடிந்தது. ஆக, பூ எப்போது என்று காலண்டரைக் கேட்டுப் பயனில்லை. மே மாதம் அந்த ஊர் சம்சாரிகள் சிரித்த முகமாக இருந்தார்களா என்று கேட்க வேண்டும். கோதுமைக்கும் காட்டுப்பூவுக்கும் ஒரே மழை.

இந்தத் தடவை ஜூலை கடைசியிலேயே ஊர்த் தகவல் மையத்துக்குப் போன் போட்டேன். பெர்த்தில் இருந்துகொண்டு பத்து இணையப் பக்கம் படித்ததைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சில் அதிகம் கிடைத்தது. எந்தச் சாலையோரம் பூத்திருக்கிறது, எது இன்னும் மொட்டு, எந்த மண் சாலையில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் சொன்னார்கள். "சனி ஞாயிறு வராதீங்க, தங்க இடம் இருக்காது" என்றும் சொன்னார்கள். ஆகஸ்டு இறுதி வாக்கில் ஊரில் காட்டுப்பூக் கண்காட்சி வேறு நடக்கும். அப்போது கூட்டம் இன்னும் கூடும். நாங்கள் அதற்கு முந்திய வாரம், செவ்வாய் முதல் வியாழன் வரை போனோம்.

பயணம் பற்றிச் சுருக்கமாக. ஊபின், பெரென்ஜோரி, மொராவா வழியாகப் போனோம். ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஒவ்வொரு ஊரிலும் பெட்ரோல் உண்டு. ஆனால் சில இடங்களில் ஆளே இருக்க மாட்டார்கள், கார்டைச் செருகி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுவது நல்லது. வழியில் செல்போன் சிக்னல் ஊருக்கு ஊர் போய்ப் போய் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ரோட் டிரெயின். ஒரு லாரி இரண்டு மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும். 36 மீட்டர் நீளம் சாதாரணம். சில வழிகளில் 50 மீட்டருக்கும் மேல். அதை முந்துவதற்கு நீங்கள் நினைப்பதைப்போல இரண்டு மடங்கு தூரம் எதிரே காலியாக இருக்க வேண்டும். அதைவிட, வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். கங்காரு குறுக்கே பாயும். நாங்கள் நாலு மணிக்கே ஊருக்குள் இருந்தோம்.

அந்த நாலு மணிக்குள் ஒரு வேலையை நான் முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. சாப்பாடு. சின்ன விவசாய ஊரில் கடைகள் சாயங்காலம் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மதுக்கடையோடு சேர்ந்த சாப்பாட்டுக்கூடம்தான். அதுவும் ஆறிலிருந்து எட்டு வரை. அம்மா சைவம். பட்டியலில் அவர் சாப்பிடக்கூடியது உருளைக்கிழங்கு வறுவலும் சாலட்டும் மட்டுமே. சமையற்கட்டிலிருந்து ஒரு பையன் வெளியே வந்து, "முட்டை சாப்பிடுவாங்களா? சாஸில்லாத பாஸ்தா?" என்று மெனக்கெட்டுக் கேட்டான். நல்ல பையன். ஆனால் அம்மா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அறைக்கு வந்து தூக்குவாளியைத் திறந்தார். அவர் காலையிலேயே புளியோதரை கிண்டி எடுத்து வந்திருந்தார். நானும் கணவரும் அதற்குள் ஆளுக்கொரு மாட்டிறைச்சிப் பர்கர் சொல்லிவிட்டோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சைவக்காரர்கள் இரண்டு நாள் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போய்விடுங்கள். ஆனால் காப்பி, கேக், ரொட்டி, பெட்ரோல் எல்லாம் அந்த ஊரிலேயே வாங்குங்கள். ஒரு பருவத்துக்கு ஆறேழு வாரம்தான் அவர்களுக்கு இந்த வரும்படி. பெர்த்திலிருந்து எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், அவர்கள் கழிப்பறையை மட்டும் பயன்படுத்திவிட்டு வருவது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அம்மாவை எழுப்பி, ஊருக்கு வெளியே சொல்லிவைத்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். காலை வெளிச்சத்தில் படம் நன்றாக வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டாவது முட்டாள்தனம். வெளிர் ரோஜா நிறக் காகிதப் பூக்கள், ஆங்கிலத்தில் எவர்லாஸ்டிங் என்பார்களே, அவை குளிரிலும் மூட்டத்திலும் மூடிக்கொள்ளும். கண்ணுக்கெட்டிய தூரம் கோடிக்கணக்கில் தலைகவிழ்ந்த மொக்குகள்தான் தெரிந்தன. "பள்ளிக்கூடம் இன்னும் திறக்கல போல" என்றார் கணவர். திரும்பிப் போய் இட்லிப்பொடி தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டுப் பத்தரை மணிக்கு மறுபடி வந்தோம். வெயில் ஏறியிருந்தது. எல்லாம் வாய் திறந்திருந்தன. பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் போனால் போதும். விடிகாலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா வண்டியை விட்டு இறங்கினார். பத்து எட்டு நடந்து குனிந்து, ஒரு பூவைப் பறிக்காமல் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாக நசுக்கினார். சரசரவென்று சத்தம் கேட்டது. "ஏட்டி, இது வாடாமல்லி மாதிரில்ல இருக்கு" என்றார். நிறமும் உருவமும் வேறு, குடும்பமும் வேறு. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வாடாமல்லியில் நாம் பூ என்று கட்டுவது உண்மையில் இதழ் இல்லை, பூவைச் சுற்றியிருக்கும் காய்ந்த செதில். இந்தக் காகிதப் பூவிலும் அப்படித்தான். நடுவில் மஞ்சளாகத் தெரிகிற கொத்துதான் பூக்கள். சுற்றியிருக்கும் ரோஜா நிறமெல்லாம் தண்ணீரே இல்லாத செதில்கள். அதனால்தான் பறித்த பிறகும் வாடுவதில்லை. ஊரில் ஐயனார் கோயிலுக்கு வாடாமல்லிச் சரம் கட்டிய கை அது, தொட்டதும் கண்டுபிடித்துவிட்டது.

பறிக்கலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. சாமிக்கு நாலு பூ. கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டுச் செடிகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சாலையோரத்தில், பூங்காவில், அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பூவும் பறிக்கக் கூடாது. அம்மாவுக்குச் சட்டத்தைவிட வேறொரு காரணம் சரியாகப் பட்டது. "விதைக்கு விடணும்ல" என்று கையை எடுத்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் வந்த யாரோ பூக்களுக்கு நடுவே படுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ஆள் அளவுக்கு அமுங்கிய பள்ளம் அப்படியே கிடந்தது. ஓரத்தில் ஆடுகளும் மனிதர்களும் நடந்து நடந்து பாதைபோல் ஆன தடம் எங்கும் இருக்கும், அதில் நின்றாலே பூவுக்கு நடுவில் நிற்பதுபோல் படம் வரும். கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் போதும்.

இன்னொன்று. இந்தப் பூக்கள் பெரும்பாலும் சாலையோரத்தில்தான் இருக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக யாரும் அங்கே வளர்க்கவில்லை. கோதுமைக்காகச் சுற்றிலும் இருந்த காட்டில் பெரும்பகுதியை அழித்தாகிவிட்டது. சாலைக்கும் வேலிக்கும் நடுவில் விட்டுவைத்த சில மீட்டர் பட்டைதான் பல இடங்களில் மிச்சம். காட்டை அழித்ததால் நிலத்தடி நீர் மேலே ஏறி, உப்பையும் கூடவே கொண்டுவந்து, வயல்களில் வெள்ளை பூத்துக் கிடப்பதையும் வழியில் பார்க்கலாம். ஆகவே வண்டியை ஓரங்கட்டும்போது எதன்மேல் ஏற்றுகிறோம் என்று பார்த்து ஏற்றுங்கள்.

பிற்பகல் பிண்டாருக்குக் கிளம்பினோம். முல்லேவாவுக்குக் கிழக்கே 30 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே சரளைச் சாலை பிரிகிறது. எல்லோரும் தேடி வருகிற அந்தப் பூ அந்தச் சாலையோரம்தான். 'ரீத் ஃபிளவர்' என்ற அதன் ஆங்கிலப் பெயரைக் கணவர் மொழிபெயர்த்து, "அத்தை, இப்ப மலர்வளையம் பாக்கப் போறோம்" என்று சொல்லித் தொலைத்தார். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "யாருக்கு?" என்றார். அதைச் சரிக்கட்டுவதற்குள் பிண்டாரே வந்துவிட்டது.

சரளையில் ஐந்தாவது கிலோமீட்டரில் டயர் போனது. நான்தான் ஓட்டினேன். 80-ல் போனேன், அது அதிகம். கூரான கல் ஒன்று பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு ஏற வசதியாக இருக்கட்டும் என்று உயரமான வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஸ்டெப்னி சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாக இருந்தது. ஒப்பந்தத்தில், தார் போடாத சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்ததையும் அப்போதுதான் படித்தோம். வாடகை வண்டி எடுக்கிறவர்கள் இரண்டு கேள்வியைக் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்: சரளைச் சாலைக்குப் போகலாமா, முழு அளவு ஸ்டெப்னி இருக்கிறதா. மழை பெய்தால் இந்தச் சாலைகளை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் போனால் அபராதம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேகத்தை 60-க்குக் குறையுங்கள். நாங்கள் டயருக்குக் கொடுத்த காசில் முல்லேவாவில் இன்னும் இரண்டு நாள் தங்கியிருக்கலாம்.

ஜாக்கியை எங்கே வைப்பது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு நாயும் வேலிக் கம்பிச் சுருளும். ஓட்டி வந்தவருக்கு அறுபது வயது மதிக்கலாம். கேட்காமலே இறங்கி, ஒரு பலகையைத் தூக்கி வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். மண் இளகலாக இருந்ததால் ஜாக்கி அமுங்கிக்கொண்டே போயிருக்கிறது, எங்களுக்கு அது உறைக்கவில்லை. பத்து நிமிட வேலை. அம்மா அதற்குள் முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டார். வந்தவர் ஒன்று எடுத்துக் கடித்து, இன்னொன்று எடுத்து, நாய்க்கும் பாதி கொடுத்தார்.

"அந்த அண்ணாச்சிட்ட கேளு, எத்தனை ஏக்கர் வச்சிருக்காகன்னு" என்றார் அம்மா. கேட்டேன். பத்தாயிரம் ஏக்கர் என்றார். அம்மா நான் தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். மறுபடி கேட்டேன். பத்தாயிரம்தான். யார் யார் வேலை பார்க்கிறார்கள்? அவரும் மகனும். விதைப்புக்கும் அறுப்புக்கும் கூலிக்கு ஒருத்தர். அம்மா அவர் கையைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் பத்து ஏக்கருக்கு எத்தனை பேர் குனிய வேண்டும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடியிருக்கும்.

அப்புறம்தான் வழியெல்லாம் கேட்ட அந்தக் கேள்வி. இத்தனை குறைச்சல் மழையில் எப்படி? அவர் காலால் மண்ணைக் கிளறிக் காட்டிச் சொன்னார். மழை வரட்டும் என்று காத்திருந்தால் பத்தாயிரம் ஏக்கரையும் விதைத்து முடிப்பதற்குள் ஈரம் போய்விடும். அதனால் ஏப்ரல் கடைசியிலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். விதை கிடக்கும். மழை வந்த அன்றைக்கு முளைப்பு தொடங்கும். வராவிட்டால்? தோளைக் குலுக்கினார். நான் அதை அம்மாவுக்குச் சொல்லி முடிக்கவில்லை, அம்மா கையைத் தட்டினார். "புழுதி விதைப்பு! நம்ம புழுதி விதைப்புல்ல இது! புரட்டாசில நம்ம தாத்தா செஞ்சது!" அந்த விவசாயிக்கு அந்த இரண்டு சொல்லை ஆங்கிலத்தில் சொன்னேன். "நாங்களும் அதையேதான் சொல்றோம்" என்றார் அவர். இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நடுவில் நான் தேவைப்படாத மாதிரி இருந்தது.

போகும்போது, "அந்தப் பூ அடுத்த கேட்டைத் தாண்டி இடது பக்கம். கார் நிக்கிற இடத்துல நிறுத்தாதீங்க, அதைத் தாண்டி நிறுத்தி நடந்து வாங்க. குட்டிச் செடிகளை மிதிச்சிடுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன இடத்தில் இருந்தது. நான் கம்பளம்போல் விரிந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. சரளைக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தரையோடு தரையாக வட்டங்கள். நடுவில் சாம்பல் பச்சையில் மெல்லிய இலைகள். பூ எல்லாம் விளிம்பில் மட்டும், வெளிப்பக்கம் பார்த்து, ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றிலும். ஒவ்வொரு பூவிலும் வெளிர் மஞ்சளும் சிவப்பும் ரோஜாவும். சிறியது சாப்பாட்டுத் தட்டளவு, பெரியது சுளகளவு. யாரோ செய்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அம்மா முழங்கால் வலியோடு மண்டியிட்டார். "பிரிமணை" என்றார். பானை உருளாமல் அடியில் வைப்போமே, வைக்கோல் பிரியில் சுற்றிய அந்த வளையம். மலர்வளையத்துக்கு அது எவ்வளவோ தேவலை. எங்கள் வீட்டில் அந்தப் பூவுக்கு இப்போது அதுதான் பெயர்.

கிளறிய சரளை மண்ணில்தான் அது நன்றாக வருகிறது. சாலை போடும் இயந்திரம் ஓரத்தைச் சுரண்டிவிட்டுப் போன இடத்தில் அடுத்தடுத்த வருடங்களில் முளைக்கும். அதனால்தான் ரோட்டோரத்தில் இருக்கிறது, பக்கத்துக் காட்டுக்குள் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும்.

அதன் தாவரவியல் பெயர் லெஷெனால்ட்டியா மேக்ராந்தா. வண்டியில் திரும்பும்போது கணவர் போனில் படித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். லெஷெனோ என்பவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1800-ல் போதான் என்ற கப்பல் தலைவர் கிளம்பிய பயணத்தில் இந்தக் கரைக்கு வந்தவர். 1810-ல் ராபர்ட் பிரவுன் அவர் நினைவாக இந்தச் செடியின் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். பிழை இன்றுவரை அப்படியே நிற்கிறது. அதே லெஷெனோ 1816-ல் செடிகள் சேகரிக்கவும் தாவரத் தோட்டம் அமைக்கவும் அனுப்பப்பட்டது புதுச்சேரிக்கு. 1822 வரை நம் பக்கத்தில்தான் இருந்தார். "பாண்டிச்சேரிக்கா? அப்ப தெரிஞ்ச ஆளுதான்" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் காலையில் ஊரைச் சுற்றினோம். மூட்டமாக இருந்தது, பூ திறக்காது, வேறு வேலை இல்லை. அப்படி ஒரு அரை நாளைத் திட்டத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பார்க்க வேண்டியது மாதா கோயில். ஜான் ஹாஸ் என்ற பாதிரியார் கட்டியது. இங்கிலாந்தில் கட்டடக் கலைஞராக இருந்து பிறகு பாதிரியார் ஆனவர். 1915-ல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். 1920-ல் தொடங்கி 1927 வரை, அக்கம்பக்கத்துக் கல்லை எடுத்து, தானே செதுக்கி, தானே அடுக்கிக் கட்டினார். ஞாயிறு பூசை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை கரண்டியோடு சாரத்தில் ஏறியிருப்பார் போல. "கொத்தனார் சாமியாரா?" என்று அம்மா கல்லைத் தடவிப் பார்த்தார். உள்ளே மதியத்திலும் குளுகுளு என்றிருந்தது. பக்கத்தில் அவர் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். இதே மனிதர் கடைசியில் பஹாமாஸ் தீவொன்றில் துறவியாகப் போய்க் கல்லால் சிறு மடம் கட்டி வாழ்ந்தார்.

ரயில் பாதையோரம் கோதுமைக் கிடங்குகள். 1933-ல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவான சிபிஎச்சுடையவை. ஆகஸ்டில் காலியாகத்தான் இருக்கும். அக்டோபருக்கு மேல் அறுப்பு தொடங்கினால் லாரி வரிசை நிற்கும். சில வீடுகளில் கூரைத் தகடு புதிதாகப் பளபளப்பதைக் கவனித்தேன். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் இந்தப் பக்கம் வரைக்கும் புகுந்து அடித்தது. இவ்வளவு உள்ளே, இவ்வளவு தெற்கே புயல் வரும் என்று யாரும் வீடு கட்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் மிங்கனியூ பக்கமாக இறங்கி, கோல்சீம் வனப்பூங்காவுக்குப் போனோம். 1846-ல் கிரிகரி சகோதரர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக நிலக்கரி கண்ட இடம், இர்வின் ஆற்றங்கரையில். வேலமர இனத்து மரங்களுக்கு அடியில் உருண்டை உருண்டையான மஞ்சள் பூக்கள் தரை தெரியாமல் மூடியிருந்தன. உச்சிப் பருவத்தில் கூடாரம் போட இடம் கிடைக்காது, பகலில் போய்விட்டு வந்துவிடுங்கள். ஈக்கு முகவலை கொண்டு போங்கள், அழகு பார்க்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். இரவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். பகலில் 20 டிகிரி இருக்கும், ராத்திரி பத்துக்குக் கீழே போய்விடும்.

பெர்த்துக்கு வந்ததும் அம்மா நாற்றங்கால் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். காகிதப் பூ விதை பாக்கெட்டில் விற்கிறார்கள். காட்டில் பறிக்கக் கூடாதே தவிர, கடை விதையை வீட்டில் தாராளமாகப் போடலாம். பஞ்சு ஒட்டிய, ஊதினால் பறக்கிற விதை. இரண்டு பாக்கெட் வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னார். அக்டோபரில் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பேரப்பிள்ளைகள், ரேஷன் கடை, முழங்கால் எல்லாம் பேசி முடித்த பிறகு, "அந்த விதையைப் போட்டியா?" என்றார்.

"இல்லம்மா. இன்னும் ஒரு சொட்டு மழை இல்ல. மண்ணெல்லாம் காஞ்சு கெடக்கு."

"மழை வந்தப்புறம் போடுறதுக்கா அண்ணாச்சி நடுரோட்டுல நின்னு அம்புட்டு நேரம் பாடம் எடுத்தாக? எந்திரிச்சுப் போய்ப் புழுதியில தூவுட்டி" என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்தேன்.